தாமதமுள்ள லூப்புக்கு எந்த ட்யூனிங்?

காகித இயந்திரத்தில் கூழ் வால்வைச் சற்றே திறந்தால், தாளின் ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கான எடை) கூடிய சேதி மறுமுனை ஸ்கேனருக்கு உடனே எட்டாது. தாள் அங்கே போய்ச் சேர வேண்டும். வழி 200 மீட்டர், வேகம் நிமிடத்துக்கு 600 மீட்டர் என்றால் 20 விநாடி. அந்த 20 விநாடியும் கன்ட்ரோலர் பழைய சேதியை நம்பியே வால்வை நகர்த்துகிறது. ஆகவே ட்யூனிங் விதியைத் தேர்ந்தெடுக்குமுன், இந்தத் தாமதம் ப்ராசஸின் கால மாறிலிக்குப் பக்கத்தில் எவ்வளவு பெரியது என்று பாருங்கள். என் வாதம் முழுக்க அந்த விகிதத்தில்தான் இருக்கிறது.

ஸீக்லரும் நிக்கோல்ஸும் 1942-இல் தந்த விதி இன்றும் பலருடைய முதல் தேர்வு. பி.ஐ. கன்ட்ரோலருக்கு அதன் இன்டக்ரல் நேரம் தாமதத்தைப் போல் 3.3 மடங்கு, கால மாறிலியை அது கேட்பதே இல்லை. தாமதம் 20 விநாடி, ப்ராசஸ் கெயின் 1 என்று கொள்வோம். கால மாறிலி 200 விநாடியாக உள்ள சூடேற்றும் தொட்டிக்கு கெயின் 9, இன்டக்ரல் 67 விநாடி என்று வரும், லூப் ஆடும். காகித லூப்பில் கால மாறிலியும் 20 விநாடியே என்றால் கெயின் 0.9, இன்டக்ரல் அதே 67. பிழை தேய்வதற்குள் பொறுமை போய்விடும். ஸ்கோகெஸ்டாட் 2003-இல் வெளியிட்ட சிம்க் விதி தொட்டிக்கு 5, 160 விநாடி என்றும், காகிதத்துக்கு 0.5, 20 விநாடி என்றும் தருகிறது. கெயின் குறைந்திருந்தும், காகித லூப்பில் எஞ்சிய பிழையை அது ஏறக்குறைய இரு மடங்கு வேகத்தில் துடைக்கிறது. எனவே தாமதம் பெரிதானால் நான் சிம்க்கையே எடுப்பேன். காகித ஆலைகளில் புழங்கும் லேம்டா ட்யூனிங்கும் இதே குடும்பம்தான்.

இது மந்தமாக இருக்காதா என்று கேட்பார்கள். ஆம், வேகத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கிறோம். பதிலுக்கு, காகித லூப்பில் ப்ராசஸ் கெயின் மும்மடங்கானாலும், அல்லது தாமதம் மும்மடங்கானாலும், லூப் நிலைகுலையாது. ஆலையில் கூழும் வேகமும் மாறிக்கொண்டே இருக்கையில் அந்த இடைவெளிதான் காப்பு. டெரிவேட்டிவ் சேர்த்தால் பெரிய தாமதத்தில் அதிகம் கிடைக்காது, ஸ்கேனர் இரைச்சல்தான் வால்வுக்குப் போய்ச் சேரும்.

ஓட்டோ ஸ்மித் 1957-இல் முன்வைத்த முன்கணிப்பானைச் சொல்பவர்களின் வாதம் கனமானது: தாமதம் சரியாகத் தெரிந்தால் அது சிம்க்கைவிட வேகமாக ஓட்ட இடம் தரும். ஆனால் இறுக்கமாக ட்யூன் செய்தபின் தாமதக் கணக்கு பிசகினால் லூப் ஆடத் தொடங்கும். இயந்திர வேகம் 500-க்கு இறங்கினாலே 20 விநாடி 24 ஆகிவிடுகிறது. வேகத்தை அளந்து தாமதத்தை அவ்வப்போது திருத்த முடிந்தால் மட்டும் அதற்குப் போகலாம். அப்போதும், ஒரு குலைவு வந்தபின் முதல் 20 விநாடிக்கு ஸ்கேனரை மட்டும் நம்பும் எந்தக் கன்ட்ரோலராலும் ஒன்றும் செய்ய முடியாது. கூழின் அடர்த்தியை வால்வுக்கு முன்பே அளந்து ஈடுகட்டுவது அங்கே கூடுதலாக உதவும். தாமதத்தைத் திருத்தும் வசதி இல்லாவிட்டால் சிம்க்கோடு நின்று, இயந்திரம் மிக மெதுவாக ஓடும்போது வரும் தாமதத்தை வைத்துக் கணக்கிடுங்கள். எண்களைத் தொடுமுன் லூப்பை மேனுவலில் போட்டு வால்வை 1 சதவீதம் நகர்த்திப் பாருங்கள். தண்டு ஒட்டிக்கொண்டு நகர மறுத்தால், முதலில் கூப்பிட வேண்டியது மெயின்டனன்ஸை.