துறைமுகத்திலிருந்து சென்ட்ரலுக்கு

கிள்ளான் துறைமுகத்தில் ஃபார்வர்டிங் வேலை பார்ப்பவர்களுக்கு ராத்திரி பகலைக் கப்பல்தான் முடிவு செய்யும். இறக்குமதிக்குக் கே1, ஏற்றுமதிக்குக் கே2 என்று சுங்கப் பாரங்களைத் தட்டிக்கொண்டே என் வருடங்கள் ஓடின. வேலை பிடிக்காமல் இல்லை. ஆனால் எங்கள் நிறுவனக் குழுமத்தின் பிரிக்பீல்ட்ஸ் அலுவலகத்தில், வாடிக்கையாளரிடம் விலை பேசும் பிரிவில் ஓர் இடம் காலி என்று கேள்விப்பட்டதும் மனசு அங்கே போய்விட்டது. வெளியில் தேடுவதைவிட உள்ளேயே மாற்றல் கேட்பது சுலபம் என்று எல்லாரும் சொன்னார்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. வெளியே போகிறவர் ராஜினாமா கடிதத்தை நீட்டினால் கதை முடிந்தது. உள்ளே மாறுகிறவருக்கு இரண்டு மேனேஜர்கள் தலையாட்ட வேண்டும். ஆட்டாவிட்டால் மறுநாள் காலை அதே நாற்காலியில் போய் உட்கார வேண்டும்.

கேட்பதற்கு முன், நமக்கு வேண்டியது மாற்றல்தானா என்று பார்த்துக்கொள்வது நல்லது. எங்கள் அலுவலகத்தில் ஓர் அக்கா பிள்ளையைப் பள்ளியில் விட நேரம் போதவில்லை என்பதற்காகவே வேறு கிளை கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்குத் தேவைப்பட்டது வேறு இடம் அல்ல, வேறு நேரம். 1955 வேலைச் சட்டத்தில் செய்த திருத்தம் 2023 ஜனவரியில் நடப்புக்கு வந்தபின், வேலை நேரத்தையோ நாளையோ இடத்தையோ மாற்றித் தரச் சொல்லி எழுத்தில் விண்ணப்பிக்கலாம். முதலாளி 60 நாளுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும். மறுத்தால் காரணமும் சொல்ல வேண்டும். பிரிவு மாற்றலுக்கு அப்படிப்பட்ட கெடு எதுவும் இல்லை. யாரை எங்கே போடுவது என்பது நிர்வாகத்தின் உரிமை என்றுதான் நம் நீதிமன்றங்கள் சொல்லி வருகின்றன. அதற்கு வழக்கறிஞர்கள் அடிக்கடி எடுத்துக்காட்டுவது 2004-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்த லாடாங் ஹோலிரூட் வழக்கு. தோட்டத்தின் பெயரைத் தாங்கிய வழக்கு, இன்று குளிரூட்டிய அறையில் கம்ப்யூட்டர் தட்டுகிறவருக்கும் பொருந்துகிறது! ஆக, மாற்றலைப் பேசித்தான் வாங்க வேண்டும்.

பேச்சை எங்கே தொடங்குவது? எச்ஆரில் ரகசியமாக விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டு மேனேஜரிடம் பிறகு சொல்லலாம் என்பார்கள். எல்லாரும் ஒரே மாமாக் கடையில் தே தாரிக் குடிக்கிற ஊரில் ரகசியம் மதியச் சாப்பாடு வரைகூடத் தாங்காது. பழிவாங்குகிற ஆள் என்று உறுதியாகத் தெரிந்தாலொழிய, சொந்த மேனேஜரிடம்தான் முதல் பேச்சு. அங்கே போய் "இங்க முடியல பாஸ்" என்று ஆரம்பித்தால் அவர் காதில் விழுவது குறை மட்டும்தான். அவருடைய உண்மையான கவலை, நாம் போனால் யார் தலையில் எதைக் கட்டுவது என்பது.

என் மேனேஜர் முதலில் கேட்டதே, "நீ போயிட்டா வெங்காயக்காரரை யாரும்மா சமாளிக்கிறது?" என்றுதான். இந்தியாவிலிருந்து வெங்காயம் இறக்கும் வாடிக்கையாளர் அவர். தங்கமான மனுசர், ஆனால் கப்பல் வந்து சேரும் நேரத்தில்தான் பத்திரங்களை அனுப்புவார். சரக்கு வருமுன்பே இறக்குமதி பெர்மிட் எடுத்திருக்க வேண்டும். இல்லையென்றால் கண்டெய்னர் அங்கேயே நிற்கும், டெமரேஜ் ஏறும், உள்ளே வெங்காயம் முளைவிடும். கப்பல் கிளம்பியதுமே அவருக்கு வாட்ஸ்அப்பில் நினைவூட்டுவது, அவர் எடுக்காவிட்டால் கடையில் இருக்கும் மகனைப் பிடிப்பது, எந்த லோரிக்காரர் ராத்திரியில் வருவார், எவர் வரமாட்டார் என்பதெல்லாம் என் தலைக்குள் மட்டும் இருந்த சங்கதி. வாடிக்கையாளர் ஒருவருக்கு ஒரு பக்கம் என்று அத்தனையையும் எழுதினேன். புதிதாகச் சேர்ந்த தம்பியை என் பக்கத்தில் உட்கார வைத்து, வெங்காயக்காரர் ஃபைலை அவரையே முழுக்க முடிக்கச் சொன்னேன். மேனேஜருக்கு மனசு மாறியது நான் பேசியதால் அல்ல. நான் லீவில் இருந்த ஒரு நாள் அந்தத் தம்பியே கண்டெய்னரை வெளியே எடுத்துவிட்டதால்.

கேட்கும் காலமும் முக்கியம். சீனப் பெருநாளுக்கு முந்தைய நெரிசலில் துறைமுகத்தில் யாரும் யாரையும் விடமாட்டார்கள். புதுப் பிரிவின் நேர்காணலைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. தெரிந்த முகந்தானே என்று வெறுங்கையோடு போகாமல், அந்தப் பிரிவு எதில் திணறுகிறது என்று விசாரித்துவிட்டுப் போனால் போதும்.

பலர் சறுக்குவது பணக் கணக்கில். துறைமுகத்தில் ஓவர்டைம் உண்டு, ஷிப்ட் அலவன்ஸ் உண்டு. பிரிக்பீல்ட்ஸ் அலுவலகத்தில் அடிப்படைச் சம்பளம் கூடினாலும் கைக்கு வருவது குறையக்கூடும். மாதச் சம்பளம் 4,000 ரிங்கிட்டைத் தாண்டிவிட்டால் எங்களைப் போன்ற அலுவலக ஊழியருக்கு ஓவர்டைம் கொடுக்கச் சட்டக் கட்டாயமும் இல்லை. அதே சமயம் ஓவர்டைமுக்கு இபிஎஃப் பிடிப்பதில்லை. அடிப்படைச் சம்பளம் கூடினால் இபிஎஃப் கூடும். இரண்டையும் ஒரு தாளில் எழுதிப் பார்த்த பிறகே நான் தொகையைப் பேசினேன்.

அதைவிடப் பெரிய விஷயம் கடிதம். ஒரே குழுமம் என்றாலும் பிரிக்பீல்ட்ஸ் அலுவலகம் வேறொரு சென்டிரியான் பெர்ஹாட்டின் கீழ் இருந்தது. புது நியமனம் என்று எழுதிக் கொடுத்தால் நம் சேவைக்காலம் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். சட்டப்படி ஆண்டு விடுப்பு இரண்டு வருடத்துக்குக் கீழே 8 நாள், ஐந்து வருடத்துக்குக் கீழே 12, அதற்கு மேல் 16. 4,000 ரிங்கிட் வரை சம்பளம் வாங்குகிறவருக்கு ஆள்குறைப்பு வந்தால், சேவைக்காலத்தைப் பொறுத்து வருடத்துக்கு 10, 15 அல்லது 20 நாள் சம்பளம். "முந்தைய சேவைக்காலம் தொடர்ச்சியாகக் கணக்கிடப்படும்" என்ற ஒரு வரியைக் கடிதத்தில் கேட்டு வாங்குங்கள். புது தகுதிகாண் காலம் உண்டா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். எச்ஆர் பெண் முதலில், "அதெல்லாம் தானா வரும் கா, கவலைப்படாதீங்க" என்றார். தானாக வருவதென்றால் எழுதித் தருவதில் என்ன கஷ்டம்?

கையெழுத்துப் போடுமுன் பயணத்தையும் ஒத்திகை பார்த்தேன். ஃபெடரல் ஹைவேயில் பத்து தீகா, சுங்கை ராசாவ் டோல்கள் 2018-இல் எடுக்கப்பட்டாலும் நெரிசலை யாரும் எடுக்கவில்லை. கொமுட்டரில் கிள்ளானிலிருந்து கேஎல் சென்ட்ரல் ஒரு மணி நேரத்துக்கும் மேல். ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள், திங்கள் காலையில் போக வேண்டும். தீபாவளி நெருங்கினால் துன் சம்பந்தன் சாலையில் கார் நகராது. அங்கே தினமும் காரில் வருகிறேன் என்கிறவருக்குப் பார்க்கிங் கட்டணமே பாதிச் சம்பள உயர்வைத் தின்றுவிடும். நான் ரயிலைத்தான் எடுத்தேன்.

மாறிய பிறகு பழைய இடத்திலிருந்து போன் வரும். எந்தத் தேதி வரை எடுப்பது என்று இரண்டு மேனேஜர்களையும் சேர்த்து முன்கூட்டியே ஒரு மின்னஞ்சலில் பேசி வைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு வந்த அழைப்புகளை அந்தத் தம்பிக்குத் திருப்பிவிட்டேன்.