சர்க்கரை வியாதி சீமான்களின் வியாதியா?

புதுக்கோட்டைச் சீமையில் வழங்கிவரும் நம்பிக்கைகளுள், சர்க்கரை வியாதி நிழலில் அமர்ந்து நெய்யும் தித்திப்பும் உண்ணும் சீமான்களையே பற்றும், வெயிலில் கல்லுடைப்பவனையும் களையெடுப்பவளையும் அணுகாது என்னும் நம்பிக்கையைப் போல ஏழை ஜனங்களுக்குக் கேடு விளைவித்தது வேறொன்றுமில்லை. முன்னொரு காலத்தில் இதற்குச் சிறிது ஆதாரமும் இருந்தது. டாக்டர் ஏ. ராமச்சந்திரனும் அவருடைய சகாக்களும் 1992-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், சென்னை நகரத்தில் வயதுவந்தோருள் நூற்றுக்கு 8.2 பேருக்கு இவ்வியாதி இருக்க, கிராமத்தில் 2.4 பேருக்கே இருந்தது. ஆனால் அதே குழுவினர் 2008-இல் வெளியிட்ட கணக்கில், நகரச் சாயல் படிந்துவிட்ட கிராமங்களில் அது 9.2 ஆக உயர்ந்திருந்தது. 2017-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பெரும் ஆய்வோ, தமிழ்நாட்டு நகரங்களில் செல்வரைக் காட்டிலும் வறியவரிடமே சர்க்கரை வியாதி மிகுதி என்று கண்டது. சீமான்களின் வியாதி குடிசைக்குக் குடிபெயர்ந்துவிட்டது.

மெலிந்த சரீரத்துக்கு இது வராது என்பதும் பிழை. தாயின் கருவில் போதிய ஊட்டம் பெறாமல் எடை குறைந்து பிறந்த சிசு, வளர்ந்தபின் ரேஷன் அரிசிச் சோற்றையே வயிறு நிறைய உண்டு, பருப்புக்கும் காய்கறிக்கும் வழியின்றி வாழுமாயின், தசை குன்றி, அடிவயிற்றில் மட்டும் கொழுப்புச் சேர்ந்து, பார்வைக்கு ஒல்லியாக இருக்கும்போதே வியாதிக்கு இலக்காகிறது. வறுமை இங்கே தடுப்புச் சுவரன்று, காரணங்களுள் ஒன்று.

“எங்கள் இரத்தத்திலேயே இருக்கிறது, என்ன செய்ய?” என்று விதியின்மேல் பாரத்தைப் போடுவோரும் உண்டு. இந்தியருக்கு இவ்வியாதி எளிதில் வருமென்பது மெய்தான். சிங்கப்பூரில் 2010-ஆம் ஆண்டுக் கணக்குப்படி சீனரில் நூற்றுக்கு 9.7 பேருக்கு இது இருக்க, சிறுபான்மையினரான இந்தியரில் 17.2 பேருக்கு இருந்தது. அவ்விந்தியருள் பெரும்பாலோர் தமிழர்; நம் மாவட்டத்திலிருந்து கப்பலேறியவர்களின் சந்ததியாரும் அவர்களுள் உண்டு. கணக்கெடுத்த முறைகள் வேறாயினும், 1992-ஆம் ஆண்டு ஆராய்ச்சியில் கிராமத்தில் கண்ட 2.4-ஐ இதனருகே வைத்துப் பார்த்தால், மாறியது இரத்தமன்று, ஜீவனமே என்பது பிரத்தியட்சமாகும்.

வியாதி கண்டபின்னும், மாத்திரை சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று அஞ்சிப் பலர் நிறுத்துகிறார்கள். கட்டுக்கடங்காத சர்க்கரையே அதைக் கெடுக்கிறது. இன்சுலின் கடைசிக் கட்டம் என்பதும் வீண் பயம்.

செல்வருக்கும் வறியவருக்கும் உண்மையான பேதம் எங்கே இருக்கிறதென்றால், வியாதியை அறிந்துகொள்ளும் காலத்திலேதான். நகரத்து உத்தியோகஸ்தர் ஆண்டுதோறும் இரத்தம் கொடுத்துப் பார்க்கிறார். பாசிமணி விற்று ஊர் ஊராய்த் திரியும் நரிக்குறவரும், லேணாவிளக்கு, தோப்புக்கொல்லை முகாம்களில் வாழும் இலங்கைத் தமிழரும், ஜெகதாப்பட்டினக் கரையின் மீனவரும், ஒரு நாள் கூலியை இழக்க மனமின்றி, உணர்ச்சி மரத்த காலில் முள் தைத்ததும் தெரியாமல் புண் அழுகிய பின்னரே ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கிறார்கள். 2021 ஆகஸ்டு மாதம் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்னும் அரசுத் திட்டம் மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவருவது போற்றத்தக்க ஏற்பாடு. எனினும் பகலில் பூட்டிக் கிடக்கும் வாசல்களுக்கு அது மாலையிலும் விடுமுறை நாளிலும் வர வேண்டுமென அதிகாரிகளை வேண்டிக்கொள்கிறேன்.

வாசகர்களுக்கு ஒரு விண்ணப்பம். வெறும் வயிற்றில் எடுத்த இரத்தத்தில் சர்க்கரை 126 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்து, மறுபரிசோதனையிலும் அவ்வாறே இருக்குமாயின் அது சர்க்கரை வியாதி. முப்பது வயதைக் கடந்த உங்கள் வீட்டார் மட்டுமின்றி, உங்கள் வயலிலும் வீட்டிலும் உழைப்போரையும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புங்கள். பரிசோதனை அங்கே இலவசம். அன்றையக் கூலியைப் பிடிக்காதீர்கள்.