மூன்று மணி நேர நிபந்தனை

நுழையும்முன்

நெடுந்தொலைவு ஓட்டம் கால்வலிமை உடையோர்க்கே உரியது என நெடுங்காலம் கருதப்பட்டது. மாற்றுத்திறனாளிகள் அக்களத்தில் தமக்குரிய இடத்தைப் பெறத் தொடங்கிய வரலாற்றின் ஒரு பகுதியை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

அமெரிக்காவின் பாஸ்டன் மாரத்தான் 1897 முதல் நடைபெற்று வரும் தொன்மையான போட்டி. ஹாப்கின்டன் என்னும் சிற்றூரில் தொடங்கி, ஏற்ற இறக்கங்களைக் கடந்து நகரின் நடுவே முடியும் அதன் தொலைவு 42.195 கி.மீ. பெண்களுக்கே 1972இல்தான் அங்கு முறைப்படி இடம் கிடைத்தது என்பதை நோக்க, பிறர் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. வியட்நாம் போரில் இரு கால்களையும் இழந்த யூஜின் ராபர்ட்ஸ், 1970இல் அப்பாதையைச் சக்கர நாற்காலியில் கடந்தார். அவருக்கு ஏறத்தாழ ஏழு மணி நேரம் ஆயிற்று.

ஐந்து ஆண்டுகளுக்குப்பின், இளம்பிள்ளைவாதத்தால் பாதிக்கப்பட்ட பாப் ஹால் என்னும் இளைஞர் தம்மையும் போட்டியில் சேர்த்துக்கொள்ளுமாறு கேட்டார். மூன்று மணி நேரத்துக்குள் முடித்தால் மற்றவர்களைப் போலவே சான்றிதழ் வழங்குவதாகப் போட்டி இயக்குநர் வில் குளோனி உறுதியளித்தார். ஹால் 2 மணி 58 நிமிடத்தில் முடித்தார், சான்றிதழையும் பெற்றார்.

அந்நிபந்தனையைச் சற்றே எண்ணிப் பார்ப்போம். ஹால் இன்னும் ஐந்து நிமிடம் தாமதித்திருந்தால்? அதே சாலை, அதே மேடுகள், அதே தொலைவு. சான்றிதழ் மட்டும் இல்லை. ஏனையோர்க்கு முடிவுக்கோட்டில் தெரிய வேண்டியது வெற்றியா, தோல்வியா என்பதே. ஹாலுக்கோ, தாம் போட்டியாளரா இல்லையா என்பதே அங்குதான் தெரிந்தது. கதவு திறந்தது உண்மை. ஆயினும் அதைத் திறக்கும் பொறுப்பு முழுவதும் அவருடைய தோள்கள்மீதே சுமத்தப்பட்டது.

தனிப்புறப்பாடு

இன்றைய பந்தய நாற்காலி, மருத்துவமனையில் காணும் நாற்காலி அன்று. முன்னே நீண்டு நிற்கும் சிறு சக்கரம் ஒன்று, மேற்புறம் உள்நோக்கிச் சாய்ந்த பெரிய சக்கரங்கள் இரண்டு. வீரர் தடித்த கையுறையணிந்து, சக்கரத்தோடு இணைந்த வளையத்தை அடித்து உந்துவார். ஏற்றத்தில் உடலின் எடையும் நாற்காலியின் எடையும் கைகளையே அழுத்தும். இறக்கத்திலோ நாற்காலி ஓடுவோரைவிட விரைந்து பாயும். இருவரையும் ஒன்றாக விட்டால் இருவர்க்கும் இடர். ஆதலின் நாற்காலி வீரர்கள் முன்னதாகவே புறப்படுகின்றனர். இதனை ஒதுக்கிவைத்தலாகக் கொள்ளலாகாது. அவர்தம் வேகத்துக்கு அளிக்கும் மதிப்பு இது. 2024இல் பாஸ்டனில் சுவிட்சர்லாந்தின் மார்செல் ஹக் 1 மணி 15 நிமிடம் 33 நொடியில் நாற்காலிப் பிரிவில் வென்றார். ஓட்டப் பிரிவில் வென்றவர்க்கு இரண்டு மணி நேரத்துக்கும் மேலாயிற்று.

கயிற்றின் இரு முனைகள்

பார்வை மாற்றுத்திறனாளர்க்கு வேண்டுவது வேறு. அவரும் துணை ஓட்டரும் ஒரு சிறு கயிற்றின் இரு முனைகளைப் பற்றி அருகருகே ஓடுவர். வளைவு, வேகத்தடை, தண்ணீர் வழங்குமிடம் ஆகியவற்றைத் துணை ஓட்டர் சொல்லிக்கொண்டே வர வேண்டும். ஓடும்போதே பேசுவதற்கும் மூச்சு வேண்டும் அன்றோ! எனவே அவர், தாம் துணை செல்பவரைவிட வலிமை மிக்கவராக இருத்தல் நலம். ஆயினும் மாற்றுத்திறனாளர்க்கான தடகள விதி, அவர் கயிற்றைப் பிடித்து இழுத்துச் செல்வதை ஏற்பதில்லை. முடிவுக்கோட்டை முதலில் கடக்க வேண்டியவர் போட்டியாளரே. அவ்விடத்தில் துணை ஓட்டர் தம் வேகத்தை அடக்கி அரையடி பின்தங்கி வருவார்.