கலை வரலாறு பாடநூல்: அச்சா? டிஜிட்டலா?

கலை வரலாறு பாட நூல்கள் விலையும் அதிகம், எடையும் அதிகம். வீட்டில்தான் கம்ப்யூட்டர் வந்துவிட்டதே, விலை குறைந்த டிஜிட்டல் பதிப்பையே வாங்கலாம் எனப் பலர் எண்ணுகின்றனர். பணம் கட்டும் முன் இரண்டு சோதனைகளைச் செய்து பாருங்கள்.

முதலில் படங்கள். யான் வான் ஐக் 1434ல் வரைந்த ஆர்னோல்பினி தம்பதியர் ஓவியம் ஐரோப்பியக் கலை பற்றிய பெரும்பாலான நூல்களில் இருக்கும். அதில் தம்பதிக்குப் பின்னால் சுவரில் ஒரு வட்டக் கண்ணாடி. அதற்குள் வாசலில் நிற்கும் இருவர் தெரிவார்கள். அச்சுப் புத்தகத்தில் இந்தக் கண்ணாடி சட்டைப் பட்டன் அளவுதான் இருக்கும். மாதிரிப் பக்கங்களில் இப்படியொரு நுணுக்கமான படத்தைத் திறந்து, கண்ட்ரோல் கீயை அழுத்தியபடி மவுஸ் வீலைச் சுழற்றிப் பெரிதாக்குங்கள். சிறு உருவங்கள் தெளிவாகத் தெரிந்தால் நல்லது. கட்டம் கட்டமாக உடைந்தால் அது குறைந்த பிக்ஸெல் படம். 6 அங்குல அகலப் படத்தை 300 டிபிஐ தரத்தில் அச்சிட 1800 பிக்ஸெல் வேண்டும். இ-புக்கில் 600 பிக்ஸெல் படத்தை வைத்திருந்தால், உங்கள் மானிட்டர் எவ்வளவு பெரிதாக இருந்தும் பயனில்லை.

படம் இருக்கிறதா என்பதையே பார்க்க வேண்டியிருக்கும். ஒவ்வொரு படத்திற்கும் உரிமை பெற வேண்டும் என்பதால் சில பதிப்புகளில் வெற்றுக் கட்டம்தான் இருக்கும். 2012ல் கனடாவின் டொராண்டோவில் ஒரு கலைக் கல்லூரி மாணவர்கள் 180 டாலர் கொடுத்து வாங்கிய அச்சு நூலில் படங்களே இல்லை! படங்களை இணையத்தில் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள்.

அடுத்தது, புத்தகம் எத்தனை நாள் உங்களிடம் இருக்கும்? பல டிஜிட்டல் பாடநூல்கள் வாடகைக்குத்தான் தரப்படுகின்றன. காலம் முடிந்தால் திறக்காது. விலைக்கு வாங்கியதும் நிரந்தரம் அல்ல. மைக்ரோசாப்ட் 2019ல் தன் இ-புக் கடையை மூடியபோது வாங்கிய நூல்களும் மறைந்தன. பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள் என்பது வேறு விஷயம்.

என் யோசனை: ஆசிரியர் சம்மதித்தால் முந்தைய அச்சுப் பதிப்பைப் பழைய புத்தகக் கடையில் வாங்குங்கள். இரண்டு ஓவியங்களை ஒப்பிடப் பக்கங்களுக்கு நடுவே விரலை வைத்துப் புரட்டும் வசதி திரையில் இல்லை. நுணுக்கம் பார்க்க அருங்காட்சியகத் தளங்கள் இருக்கின்றன. ஆர்னோல்பினி ஓவியத்தை லண்டன் நேஷனல் கேலரி தளத்திலேயே பெரிதாக்கிப் பார்க்கலாம். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியம், காப்புரிமை முடிந்த படைப்புகளின் படங்களை 2017 முதல் தடையின்றி டவுன்லோட் செய்ய அனுமதிக்கிறது. இறக்கிய பைலுக்கு ஓவியர் பெயரையும் ஆண்டையும் சூட்டி ஒரே போல்டரில் வையுங்கள். தேர்வு நேரத்தில் தேட வேண்டியிருக்காது.