ஐம்பத்தொன்றாவது பிள்ளைக்கு

ஸ்ரீவில்லிபுத்தூர்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுவது.  

போனில் நீ சொன்னதையே யோசித்துக்கொண்டிருந்தேன். பெங்களூரில் உன்னோடு வேலை பார்க்கிற பையன்களெல்லாம் சேர்ந்து ஒரு தொகை போட்டிருக்கிறீர்கள். மொட்டமலை இலங்கைத் தமிழர் முகாமில் பிளஸ் டூவில் முதல் மார்க் எடுக்கிற பிள்ளையை இன்ஜினியரிங் படிக்க வைக்க வேண்டும், யாரைப் பார்க்கலாம் என்று கேட்டாய். கேட்கவே சந்தோஷமாக இருந்தது. ஆனால் அந்த 'முதல் மார்க்' என்ற இடத்தில்தான் எனக்கு உடன்பாடு இல்லை. காலேஜ் ஆபீஸில் சூப்பிரண்டாக இருந்து ரிட்டயரானவன் சொல்கிறேன், கேட்டுக்கொள்.

முதல் மார்க் பிள்ளைக்கு ஆள் இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 27-ஆம் தேதி சட்டமன்றத்தில் முதல்வர் ஸ்டாலின் முகாம்களுக்காக அறிவித்த ரூ.317 கோடித் திட்டத்தில் இதுவும் ஒன்று: மதிப்பெண் அடிப்படையில் முதல் 50 மாணவர்களுக்கு இன்ஜினியரிங் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கும். மறுநாளே 'அகதிகள் முகாம்' என்ற பெயரையும் எடுத்துவிட்டு 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்றார்கள். தமிழ்நாடு முழுக்க நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்கள். நம் மாவட்டத்திலேயே மொட்டமலை, குல்லூர்சந்தை, ஆனைக்குட்டம், கண்டியாபுரம் என்று இருக்கின்றன. இத்தனைக்கும் சேர்த்து ஐம்பது பேர் என்றால், ஐம்பத்தொன்றாவது பிள்ளை எங்கே போகும்? உங்கள் பணம் அந்தப் பிள்ளைக்குப் போகட்டும். இன்னும் கீழே போனாலும் தப்பில்லை. முந்நூற்றுச் சில்லறை மார்க் எடுத்து, பாலிடெக்னிக்கா, ஐ.டி.ஐ.யா, பெயிண்ட் டப்பாவா என்று நிற்கிறவனை யாரும் மேடையில் கூப்பிட்டுச் சால்வை போடுவதில்லை.

பெயிண்ட் டப்பா என்று சும்மா சொல்லவில்லை. முகாம் ஆண்களுக்குக் கைவந்த வேலை அதுதான். ராஜபாளையத்தில் புதுசாக வெள்ளையடித்த எந்த வீட்டைப் பார்த்தாலும் மொட்டமலைக்காரர் கை அதில் இருக்க வாய்ப்புண்டு. பள்ளிக்கூடம் விட்ட பையன் கூலிக்குப் போனால் வார முடிவில் கையில் காசு நிற்கும். காலேஜ் என்ன கொடுக்கும்?

ஒரு பையனைச் சொல்கிறேன். அட்மிஷன் சமயம், மத்தியானம். அப்பா வேலையிலிருந்து நேரே வந்திருந்தார், காதோரம் டிஸ்டெம்பர் காயாமல் இருந்தது. பிளாஸ்டிக் கவருக்குள் டி.சி., மார்க் ஷீட், ஆதார், முகாம் குடும்ப அட்டை ஜெராக்ஸ் எல்லாம் வரிசை பிசகாமல் அடுக்கி வைத்திருந்தார். பையன் படிவத்தைக் கடகடவென்று நிரப்பிக்கொண்டே வந்து, 'நாட்டுரிமை' என்ற இடத்தில் பேனாவை எடுத்துவிட்டான். அப்பாவைப் பார்த்தான். அவர் என்னைப் பார்த்தார். பக்கத்து சீட்டுக்காரர், "என்னப்பா, அகதியா?" என்று கூட்டத்துக்கே கேட்கிற மாதிரி கேட்டார். பையன் காது சிவந்துபோனது. எப்படியோ சேர்ந்தான், பீஸும் யாரோ புண்ணியவான் கட்டினார். இரண்டாவது செமஸ்டரில் அப்பா சாரத்திலிருந்து விழுந்தார். பையன் மட்டைப் பிரஷ்ஷைக் கையில் எடுத்தான். கட்டிய பீஸ் கட்டியபடி இருந்தது, பெஞ்சில் ஆள் இல்லை.

ஆகவே பீஸைக் கட்டினால் வேலை முடிந்தது என்று நினைக்காதே. அரசு உதவித்தொகை இருக்கிறது. அதே 2021 அறிவிப்பில் பாலிடெக்னிக்குக்கு ரூ.2,500 என்றிருந்ததை ரூ.10,000 ஆக்கினார்கள், கலை அறிவியல் இளநிலைக்கு ரூ.3,000 என்றிருந்ததை ரூ.12,000 ஆக்கினார்கள். குறை சொல்ல மாட்டேன். ஆனால் எந்த உதவித்தொகையும் பிள்ளை சேர்ந்து, போனஃபைட் வாங்கி, விண்ணப்பம் மேலே போய்த்தான் திரும்பி வரும். காலேஜ் திறக்கிற ஜூன், ஜூலையில் கை காலியாக இருக்கும். விண்ணப்பக் கட்டணம், யூனிஃபார்ம், டிராஃப்டர், பஸ், பரீட்சைக் கட்டணம், எல்லாம் சின்னச் சின்னத் தொகை. வீட்டில் பெரியவர்களுக்கு மாத உதவி ரூ.1,000, குடும்பத் தலைவருக்கு ரூ.1,500 என்று வருகிற குடும்பத்துக்கு அது சின்னத் தொகை இல்லை. பேங்க் கல்விக் கடன் இந்தியக் குடிமக்களுக்குத்தான். அந்த வழியும் அடைப்பு. நீங்கள் சேர்த்த பணத்தை ஒருவனுக்கு மொத்தமாக இறைக்காமல், நாலைந்து பிள்ளைகளுக்கு மாதம் இவ்வளவு என்று படிப்பு முடிகிறவரை பிரித்துக் கொடுங்கள். வீட்டில் ஒருவர் படுத்துவிட்டால் எடுக்க ஒரு பங்கைத் தனியாக வையுங்கள்.

அடுத்தது, என்ன படிப்பு. இதை நீங்கள் முடிவு பண்ணக் கூடாது, ஆனால் முன்னால் இருக்கிற சுவரைப் பிள்ளைக்கு மறைக்கவும் கூடாது. குடியுரிமை இல்லாமல் அரசு வேலை இல்லை, பாஸ்போர்ட் இல்லை. சட்டம் படித்தாலும் வக்கீலாகப் பதிவு செய்ய முடியாது. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் இலங்கைத் தமிழருக்கு இடமில்லை. 2025 செப்டம்பரில் மத்திய அரசு ஓர் உத்தரவு போட்டது: 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்டவர்களுக்கு, பாஸ்போர்ட், விசா இல்லாமல் இருப்பதற்குத் தண்டனை கிடையாது. பயம் கொஞ்சம் குறைந்தது. குடியுரிமை வேறு விஷயம். அதனால் சான்றிதழைவிட கைவேலைக்கு மதிப்புள்ள படிப்பைப் பார்க்கச் சொல். மில்லில் எலக்ட்ரிகல், மெக்கானிகல் டிப்ளமாக்காரனுக்கு எப்போதும் தேவை இருக்கிறது. சிவகாசியில் ஆஃப்செட் மிஷின் தெரிந்தவனை அச்சகங்கள் விடாது. பி.காம். படித்து டாலியும் ஜி.எஸ்.டி.யும் கற்ற பெண்ணிடம் எந்த ஆடிட்டர் ஆபீஸும் பாஸ்போர்ட் கேட்காது. அதையும் மீறி ஒரு பிள்ளை தமிழ் இலக்கியம்தான் படிப்பேன் என்றால் படிக்க வை. சுவர் இருக்கிறது என்பதற்காக ஆசையை நாம் அளந்து கொடுக்க முடியாது.

இன்னொன்று, யாரும் செய்யாதது. அப்பா அம்மா எந்தத் தேதியில், எங்கே பிறந்தார்கள் என்று கேள். 1987 ஜூலை 1-க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன். 1986-ல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண் மதுரை ஐகோர்ட்டுக்குப் போய்ப் பாஸ்போர்ட் வாங்கினார்; 2024 மக்களவைத் தேர்தலில் ஓட்டும் போட்டார். இங்கே நம்ம ஊர் கோர்ட் வளாகத்திலேயே மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, இலவசமாக வழி சொல்வார்கள். காலேஜ் பிள்ளைக்கு இதனால் உடனே குடியுரிமை வந்துவிடாது, 2004 டிசம்பருக்குப் பிறகு பிறந்தவர்களுக்குச் சட்டம் இன்னும் இறுக்கம். ஆனாலும் காகிதத்தை இப்போதே சேர்த்துவைக்கிற வீடு பின்னால் ஓடி அலையாது.

உலகத்தில் அகதிப் பிள்ளைகளில் காலேஜ் வாசல் மிதித்தவர்கள் 2023-ல் சுமார் 7 சதவீதம்தான் என்றது ஐ.நா. அகதிகள் ஆணையம், 2030-க்குள் 15 ஆக்க வேண்டும் என்பது அவர்கள் இலக்கு. லண்டனில் அடைக்கலம் கேட்டுக் காத்திருக்கிற நம் பிள்ளைகளிடம் வெளிநாட்டு மாணவர் கட்டணம் கேட்கிறார்கள். அந்த வகையில் தமிழ்நாடு தேவலை. அதுவும் தானாக வந்ததில்லை. இலங்கைத் தமிழர் தலைவர் தந்தை செல்வாவின் மகன் சந்திரகாசன் 1984-ல் ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்தைத் தொடங்கியதிலிருந்து படிப்பு, படிப்பு என்றே நின்றார்கள். ராஜீவ் காந்தி படுகொலைக்குப் பிறகு சில காலம் மேல்படிப்பு வாசல் அடைபட்டது. அதையும் தாண்டித்தான் இந்தக் காரியம் நடக்கிறது. நீங்கள் புதுசாக எதையும் கண்டுபிடிக்கப் போகவில்லை, ஏற்கெனவே நடக்கிற காரியத்துக்குத் தோள் கொடுக்கப் போகிறீர்கள். முதலில் முகாமில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிற அக்காமாரிடம் பேசு, பிறகு முகாமுக்குப் பொறுப்பான வருவாய் ஆய்வாளரிடம் முறையாகச் சொல்லிவிட்டுப் போ. ஹாஸ்டலில் தங்கப் போகிற பிள்ளை, கணக்கெடுப்பு நாளில் முகாமில் இல்லாததற்கு முன்கூட்டியே அனுமதி வாங்கியிருக்க வேண்டும், அதையும் கவனி.

பெரிய அட்டையில் செக் எழுதி போட்டோ எடுக்கிற வேலை வேண்டாம். உங்கள் வாட்ஸ்அப் குரூப்புக்குப் பிள்ளையின் படம் எதற்கு? பீஸ் கட்டிய ரசீது போதும்.

ரிசல்ட் வருவதற்கு முந்தின வாரமே ஒரு சனி, ஞாயிறு வந்துவிடு. நானும் கூட வருகிறேன். பணத்தை என் கணக்குக்கு அனுப்பாதே, உங்களில் இரண்டு பேர் பெயரில் தனிக் கணக்கு தொடங்கிக்கொள்ளுங்கள். கவுண்டரில் நாட்டுரிமை இடம் வரும்போது பிள்ளைக்குப் பக்கத்தில் நிற்பது என் பொறுப்பு.

அன்புடன்,
மாமா