மாலையானால் உறையும் கேமரா

கேள்வி: வாசலில் மாட்டிய வைஃபை கேமரா பகலில் நன்றாக ஓடுகிறது. மாலை ஏழு மணிக்கு மேல் படம் அடிக்கடி நின்றுவிடுகிறது. கேமராவையே மாற்றிவிடலாமா?
– வாசகர், மதுரை

பதில்: வேண்டாம், அவசரப்பட்டுச் செலவு செய்யாதீர்கள். பகலில் சரியாக ஓடுவதால் கேமரா பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும். மாலையில் அக்கம்பக்கத்து வீடுகளில் எல்லோரும் வைஃபையைப் பயன்படுத்துவதால் அலைவரிசையில் நெரிசல் கூடுகிறது.

பெரும்பாலான வீட்டுக் கேமராக்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில்தான் இயங்குகின்றன. புளூடூத்துக்கும் அதே இடம்தான். மைக்ரோவேவ் அடுப்பின் கசிவும் அங்கேதான் வந்து விழும். அந்த அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 மட்டுமே. ரவுட்டர் 'ஆட்டோ'வில் இருந்தால், கைபேசியில் வைஃபை அனலைசர் செயலியை இறக்கி, மாலை நேரத்திலேயே பாருங்கள். மூன்றில் எது காலியாக இருக்கிறதோ அதை நிலையாக வையுங்கள். சேனல் அகலம் 20 மெகாஹெர்ட்ஸ் போதும். ரவுட்டர் பீரோவுக்குப் பின்னால் இருந்தால் வெளியே எடுங்கள். இரும்பும் கான்கிரீட்டும் அலையை விழுங்கும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். இருட்டியதும் கேமராவின் அகச்சிவப்பு விளக்குகள் எரியும். மின்சாரம் கூடுதலாகத் தேவைப்படும். படம் நிற்பதோடு கேமரா அணைந்து மறுபடி துவங்கினால், குறை அடாப்டரிலோ நீளமான வயரிலோ இருக்கலாம். பலரும் இதை வைஃபை கோளாறு என்றே நினைத்துவிடுகிறார்கள்.

வைஃபை விட்டுவிட்டு வந்தாலும் பதிவு தவறாமல் இருக்க, எப்படியும் கேமராவில் மெமரி கார்டு ஒன்று போட்டுவையுங்கள். வாசல் கேமராவுக்கு லேன் கேபிள் இழுக்க வழியிருந்தால், அதுவே உறுதியான தீர்வு.