ஸ்பிட்ஃபயரில் தினமும் ஆபீஸ் போகலாமா?

கேள்வி: கோவையில் மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். 1968-ல் தயாரான ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் மார்க் 3 ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. விற்பவரின் அப்பா இங்கிலாந்தில் இருந்து திரும்பியபோது கப்பலில் கொண்டுவந்த வண்டி. ஆர்.சி. புத்தகம் இன்னும் அவர் பெயரில்தான் இருக்கிறது, அவர் காலமாகிவிட்டார். அம்மா மகனோடு இருக்கிறார், அக்கா கனடாவில். ஆர்.சி. காலாவதியாகி 5 ஆண்டு ஆகிறது. 80-களில் என்ஜின் பழுதானபோது ஸ்டாண்டர்ட் ஹெரால்டு என்ஜினை மாட்டி ஓட்டினார்களாம். "50 வருஷம் தாண்டின வண்டி சார், விண்டேஜ்ல பதிஞ்சுட்டா ஃபீஸும் கம்மி, 10 வருஷத்துக்குக் கவலையும் இல்ல" என்கிறார் புரோக்கர். போன ஞாயிற்றுக்கிழமை சிறுவாணி சாலையில் ஓட்டிப் பார்த்தேன், மனசு அதிலேயே நிற்கிறது. வீட்டுக்கும் ஆபீசுக்கும் 14 கிலோமீட்டர். என்னிடம் வேறு கார் இல்லை. தினமும் இதில்தான் போக ஆசை. வாங்கலாமா?

பதில்: வாங்கலாம். ஆனால் புரோக்கர் காட்டும் வழியில் போனால், நீங்கள் எதற்காக வாங்குகிறீர்களோ அந்தக் காரியம் நடக்காது. தினமும் ஓட்ட வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு சொல்தான் உங்கள் கேள்வியின் சட்டப் பக்கம் முழுவதையும் தீர்மானிக்கிறது.

2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளைத் திருத்தி, விண்டேஜ் வாகனங்களுக்கென்று 81-ஏ முதல் புதிய விதிகளைச் சேர்த்தார்கள். முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த, சொந்த உபயோகத்துக்கான இரு சக்கர, நான்கு சக்கர வாகனங்களுக்கு அவை பொருந்தும். புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000, பதிவு 10 ஆண்டுக்குச் செல்லும். இதுவரை புரோக்கர் சொன்னது சரிதான். அவர் விட்டுவிட்ட வரி ஒன்று இருக்கிறது. விண்டேஜ் என்று பதிவான வண்டியை வழக்கமான போக்குவரத்துக்கோ வணிகத்துக்கோ சாலையில் ஓட்டக் கூடாது. கண்காட்சி, விண்டேஜ் ராலி, தொழில்நுட்ப ஆய்வு, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு, இவற்றுக்குப் போய்வரலாம், அவ்வளவுதான். காலை ஒன்பது மணிக்கு ஆபீஸ் போவது இதில் எதிலும் அடங்காது. கட்டணம் குறைவாக இருப்பதே இந்தக் கட்டுப்பாட்டுக்கு ஈடாகத்தான்.

"யார் பார்க்கப் போகிறார்கள்?" என்று தோன்றும். ஏற்கெனவே பதிவான வண்டி பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். புதிதாகப் பதிபவற்றுக்குத்தான் 'விஏ' என்ற எழுத்துகள் வரும். எண் பலகையைப் பார்த்து யாருக்கும் தெரியாது என்பது உண்மை. ஆனால் விபத்து நடந்த மறுநாள் காப்பீட்டு நிறுவனம் எண் பலகையைப் பார்க்காது, பதிவேட்டைப் பார்க்கும். எந்த உபயோகத்துக்கு அனுமதி இல்லையோ அதே உபயோகத்தில் விபத்து நடந்தது என்று அது வாதிட இடம் கிடைத்துவிடும். அடிபட்டவருக்கு முதலில் பணத்தைக் கொடுத்துவிட்டு உங்களிடமிருந்து வசூலிக்கச் சொல்லி உத்தரவு வந்தால், உங்கள் சம்பளத்தில் எத்தனை ஆண்டு அதற்குப் போகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

போதாததற்கு, இந்த வண்டி விண்டேஜ் பதிவுக்குத் தகுதி பெறுவதே சந்தேகம். மூல வடிவத்தில் இருக்க வேண்டும், சேசிஸ், பாடி, என்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது என்பது அந்த விதியின் நிபந்தனை. உங்கள் ஸ்பிட்ஃபயரின் நெஞ்சில் ஹெரால்டின் இதயம் துடித்துக்கொண்டிருக்கிறது.

இந்த என்ஜின் விஷயத்தைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஹெரால்டு என்ஜின் ஏன் அவ்வளவு எளிதாகப் பொருந்தியது என்று யோசித்தீர்களா? இரண்டும் உடன்பிறப்புகள். இத்தாலியரான மிக்கேலோட்டி வரைந்த உடல்கள் இரண்டும். ஹெரால்டின் சேசிஸைக் குறுக்கித்தான் இங்கிலாந்தில் ஸ்பிட்ஃபயரைச் செய்தார்கள். அதே ஹெரால்டை இங்கே சென்னைக்குப் பக்கத்தில் பெருங்களத்தூர் ஆலையில் ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ் நிறுவனம் தயாரித்தது. 80-களில் ஒரு கோவை மெக்கானிக்குக் கைக்கு எட்டிய தூரத்தில் கிடைத்த என்ஜின் அதுவாகத்தான் இருந்திருக்கும். அவர் செய்தது நல்ல வேலை, நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மார்க் 3-க்குத் தொழிற்சாலை கொடுத்தது 1,296 சிசி என்ஜின். நம் ஊர் ஹெரால்டினுடையது 948 சிசி. ஆர்.சி. புத்தகத்தில் 1,296 என்றும் பழைய என்ஜின் எண்ணும் இருக்கும், வண்டியில் இருப்பது வேறு.

மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52 இதைத்தான் தடுக்கிறது. தயாரிப்பாளர் முதலில் குறித்த விவரங்களோடு ஆர்.சி.யில் உள்ளது முரண்படும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றமும் இதை அழுத்திச் சொன்னது. அனுமதியில்லாத மாற்றத்துக்கு, பிரிவு 182-ஏ-யின் கீழ் ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். மாற்றியது நீங்கள் இல்லை என்பது உண்மையே. ஆனால் பதிவைப் புதுப்பிக்க வண்டியை ஆய்வாளர் முன் நிறுத்தப்போவது நீங்கள்தானே? எண் ஒத்துப்போகாவிட்டால் அவருக்கு முதலில் வரும் சந்தேகம் திருட்டு வண்டியோ என்பதுதான்.

எனவே விலை பேசுவதற்கு முன் அந்த வீட்டில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: பழைய என்ஜின் எங்கே? வண்டியை மகன் மாதிரி வைத்திருந்த பெரியவர்கள், பழுதான என்ஜினை எடைக்குப் போட மனம் வராமல் ஷெட்டின் மூலையில் சாக்கு போட்டு மூடி வைத்திருப்பார்கள். இப்படிக் கிடைத்ததை நானே என் கட்சிக்காரர் ஒருவரின் வீட்டில் பார்த்திருக்கிறேன். அந்த பிளாக் கிடைத்து, அதிலுள்ள எண் ஆர்.சி.யோடு ஒத்துப்போனால், அதைச் சீர்செய்து திரும்ப மாட்டுவதுதான் உங்களுக்கு நேர்வழி. செலவு ஆகும், ஆனால் சட்டச் சிக்கல் வேரோடு போகும். ஹெரால்டு என்ஜினையும் தனியாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், உதிரிக்கு ஆகும். பிளாக் கிடைக்காவிட்டால், ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டு எழுத்து மூலம் பதில் வாங்குங்கள். பதில் வரும்வரை முன்பணம்கூட வேண்டாம்.

அடுத்தது, விற்பவருக்கு விற்கும் உரிமை இருக்கிறதா என்பது. இறந்தவர் உயில் எழுதவில்லை என்றால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன், மகள், மூவருக்குமே சம பங்கு. இறந்தவரின் தாயார் உயிரோடு இருந்தால் அவருக்கும் உண்டு. கார் மகன் வீட்டுக் கூடத்தில் நிற்பதால் அது மகனுடையது ஆகிவிடாது. தன்னிடம் இல்லாத உரிமையை ஒருவர் விற்க முடியாது என்பது 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தின் அடிப்படை. தாசில்தார் வழங்கிய வாரிசுச் சான்றிதழைக் கேளுங்கள். அம்மாவும் அக்காவும் ஆட்சேபணை இல்லை என்று உறுதிமொழிப் பத்திரம் கொடுக்க வேண்டும். அக்காவின் பத்திரம் கனடாவில் உள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்று வரட்டும். "அக்கா ஒன்றும் சொல்ல மாட்டாங்க" என்ற வாய்மொழியை நம்பி நீங்கள் லட்சங்களை எண்ணிக் கொடுக்க வேண்டாம். அப்பாவின் கார் விற்றுப் போனது தெரிந்தபிறகு மகள்களுக்கு வரும் வருத்தம் மிக உண்மையானது. அது நோட்டீஸாக மாறி உங்கள் வீட்டுக்கு வரக் கூடாது.

இதன் பிறகு மகன் படிவம் 31 கொடுத்து ஆர்.சி.யைத் தன் பெயருக்கு மாற்ற வேண்டும். அதற்கப்புறம்தான் 29, 30 படிவங்களில் உங்கள் பெயருக்கு. நேரே இறந்தவர் பெயரிலிருந்து உங்களுக்கு மாற்றித் தருகிறேன் என்று யாராவது வெற்றுப் படிவத்தில் பழைய கையெழுத்தைக் காட்டினால், அந்த இடத்தை விட்டு எழுந்து வந்துவிடுங்கள். கப்பலில் வந்த வண்டி என்பதால் சுங்க வரி கட்டிய காகிதம் இருந்தால் அதையும் கேட்டு வாங்குங்கள்.

இப்போது செலவு. சாதாரணப் பதிவிலேயே தொடர்வதுதான் உங்களுக்கு ஏற்ற வழி, அது 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும். 2025 ஆகஸ்டில் திருத்திய கட்டணப்படி, 20 ஆண்டு கடந்த உள்நாட்டுக் காருக்கு 10,000 ரூபாய்; இறக்குமதி காருக்கு 80,000. தாமதத்துக்கு மாதம் 500 ரூபாய் தனி: 5 ஆண்டுக்கு 60 மாதம், 30,000 ரூபாய். ஜிஎஸ்டியும் பசுமை வரியும் இல்லாமலே 1,10,000 ஆகிறது. வண்டியைப் பூட்டி வைத்த காலத்துக்கான தாமதக் கட்டணத்தை விற்பவர் ஏற்பதுதான் நியாயம். முழுத் தொகையையும் விலையில் கழிக்கச் சொல்லிக் கேளுங்கள், பாதியாவது இறங்குவார்.

டெல்லியில் 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிகள் மீது 2018-ல் உச்ச நீதிமன்றம் விதித்த தடையைக் கேள்விப்பட்டு யாராவது உங்களைப் பயமுறுத்தினால், அது தலைநகர் வட்டாரத்துக்கான உத்தரவு என்று சொல்லுங்கள். தமிழ்நாட்டில் வயதை மட்டும் காரணம் காட்டிச் சொந்தக் காரைப் பறிக்கும் சட்டம் இல்லை.

சிறுவாணி சாலையில் ஓட்டிப் பார்த்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். படித்தபோது எனக்குப் பகீரென்றது. பதிவு செத்த வண்டி, காப்பீடும் அநேகமாக இல்லை, உரிமையாளர் உயிரோடு இல்லை. அன்று ஒரு சைக்கிள்காரர் குறுக்கே வந்திருந்தால் நஷ்டஈடு முழுக்க உங்கள் தலையிலும் அந்தக் குடும்பத்தின் தலையிலும் விழுந்திருக்கும். இனி அந்த வண்டி ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குக்கூட லாரி மேல் ஏறித்தான் போக வேண்டும். ஓட்டிப் பார்க்க வேண்டுமென்றால் அவர்கள் தோட்டத்துக்குள்ளேயே ஓட்டிப் பாருங்கள்.

காப்பீட்டில் நிறையப் பேர் ஏமாறும் இடம் ஒன்று. வண்டி கைமாறினால் பாலிசியும் தானாக மாறிவிடும் என்று பிரிவு 157-ஐக் காட்டுவார்கள். 1995-ல் கம்ப்ளீட் இன்சுலேஷன்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்திவிட்டது: தானாக மாறுவது மூன்றாம் நபர் பாதுகாப்பு மட்டுமே, உங்கள் வண்டிக்கு நேரும் சேதத்துக்கு அந்தப் பாலிசி பேசாது. உங்கள் பெயரில் புதிய பாலிசி எடுங்கள். 5 ஆண்டு கடந்த வண்டியின் காப்பீட்டு மதிப்பை நிறுவனமும் நீங்களும் பேசி முடிவு செய்துகொள்ளலாம். புகைப்படங்கள், மதிப்பீட்டாளர் அறிக்கை, சீரமைப்பு பில்கள் எல்லாவற்றையும் கொடுத்து அந்தத் தொகையைப் பாலிசியில் எழுதச் சொல்லுங்கள். இல்லையென்றால் பழைய இரும்பு விலைதான் கிடைக்கும்.

ஒப்பந்தத்தை எழுதும்போது என்ஜின் எண்ணையும் சேசிஸ் எண்ணையும் உள்ளது உள்ளபடி எழுதுங்கள். தவறான தகவல் தந்து விற்றால் ஒப்பந்தத்தை ரத்து செய்யலாம் என்கிறது ஒப்பந்தச் சட்டம் பிரிவு 19. ஆனால் சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலே உண்மை தெரிந்திருக்கும் என்றால் அந்தப் பாதுகாப்பு கிடைப்பது கடினம். என்ஜின் மாறியது உங்களுக்கு இப்போதே தெரியும், பிறகு அதைச் சொல்லி வழக்குப் போட முடியாது. விற்பவர் வியாபாரி இல்லை, தனிநபர் என்பதால் நுகர்வோர் ஆணையத்தின் கதவும் திறக்காது. உரிமையியல் நீதிமன்றம்தான், ஆண்டுகள் ஆகும். அதனால் பத்தில் ஒரு பங்குக்கு மேல் முன்பணம் கொடுக்காதீர்கள். மீதியை ஆர்.சி. உங்கள் பெயருக்கு வந்த அன்று வங்கி வழியாகக் கொடுப்பதாக எழுதுங்கள். 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டமே தடுக்கிறது. வண்டியை எடுத்த தேதியும் மணியும் இருவர் கையெழுத்தோடு இருக்கட்டும்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. அந்தக் காலத்துக் காரில் சீட் பெல்ட் இல்லாமலிருந்தால், அதைப் பொருத்தியே ஆக வேண்டும் என்று சட்டம் உங்களைக் கட்டாயப்படுத்தாது. 1990-களில் வந்த விதி அதற்குப் பிந்தைய வண்டிகளுக்கானது. ஆனாலும் பொருத்துங்கள். மார்க் 3-இன் பின்சக்கர அமைப்பு, வளைவில் சட்டென்று ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பின்பக்கத்தை வழுக்கவிடும் குணம் உடையது. 1970-ல் வந்த அடுத்த மாடலில்தான் அதைத் திருத்தினார்கள். 25 ஆண்டாக விபத்து நஷ்டஈட்டுத் தீர்ப்பாயத்தில் நின்றுகொண்டிருக்கிறேன். மருதமலைப் பக்கம் மழைநாளில் மெதுவாகப் போங்கள்.